ஹட்டி ஒண்ணும் எக்ஸிபிஷன் இல்ல

"நான் ஊட்டிக்கு அஞ்சு தடவை போயிருக்கேன்"னு பெருமையா சொல்ற மக்களே, ஒரே ஒரு கேள்வி. அந்த அஞ்சு தடவைல ஒரு தடவையாவது அந்த ஊர்க்காரங்க வீட்ல உட்கார்ந்து ஒரு வாய் சாப்பிட்டிருக்கீங்களா? பொட்டானிக்கல் கார்டன், போட் ஹவுஸ், தொட்டபெட்டா, வர்க்கி ஒரு பாக்கெட், ஹோம்மேட் சாக்லேட் ஒரு பாக்கெட். முடிஞ்சது நீலகிரி.

எதுக்கு இந்தக் கடுப்புன்னா, எங்க வகுப்புல ஒரு படகர் நண்பன் இருக்கான். லீவுல நாங்க நாலு பேர் கோத்தகிரி பக்கம் இருக்கிற அவனோட ஹட்டிக்கு (அவங்க ஊரை ஹட்டின்னுதான் சொல்வாங்க) போய் மூணு நாள் இருந்துட்டு வந்தோம். வந்ததும் வகுப்புல முதல் கேள்வி: "ட்ரைபல் வில்லேஜா மச்சி? போட்டோ எங்க?" ரெண்டாவது: "அங்க ஒரு ஹோம்ஸ்டே போட்டா செம காசு பாக்கலாமே, அவங்க அப்பாகிட்ட சொல்லு."

முதல் ஆளுக்குப் பதில். படகர்கள் அரசாங்கப் பழங்குடிப் பட்டியல்லயே இல்ல. சேர்க்கணும்னு அவங்க கேட்டுக்கிட்டிருக்கறது தனிக் கதை. 1962லயே அக்கம்மா தேவின்னு ஒரு படகப் பெண் நீலகிரி எம்.பி. ஆகிட்டாங்க. அவங்க பேசற மொழிக்கு 1992ல தனி அகராதியே வந்தாச்சு. சரி, பழங்குடியாவே இருந்தாலும் என்ன? எட்டிப் பாக்கலாமா? பொட்டானிக்கல் கார்டனை ஒட்டி ஒரு தோடர் மந்து இருக்கு. கார்டனுக்கு வர்ற கூட்டம் அப்படியே மேல ஏறிப் போய், குடியிருக்கிற வீட்டு முன்னாடி நின்னு போட்டோ எடுக்கும். உங்க வீட்டு வாசல்ல எவனாவது வந்து அப்படி எடுத்தா சும்மா விடுவீங்களா? 2024 ஜூலைல பார்சிலோனாக்காரங்க டூரிஸ்ட் மேல தண்ணித் துப்பாக்கியால அடிச்சாங்க. நம்ம மலைக்காரங்க இன்னும் டீ போட்டுக் குடுக்கறாங்க, அவ்வளவுதான் வித்தியாசம்.

அந்த ஹட்டில வீடெல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டி ஒரே வரிசை. பெரியவங்களைப் பார்த்தா சின்னவங்க தலை குனியணும், அவங்க தலைல கை வெச்சு வாழ்த்துவாங்க. எங்க நாலு பேர் தலையிலயும் நண்பனோட ஹெத்தெ, அதாவது பாட்டி, கை வெச்சாங்க. நாங்க யாரு, என்ன ஜாதி, ஒண்ணும் கேக்கல. அப்புறம் ராகிக் களி, அவரைக்கொட்டைக் குழம்பு. மேல நெய். கிளம்பற அன்னைக்குத் துப்பதிட்டு சுட்டாங்க, மைதாவும் சர்க்கரையும் பிசைஞ்சு பொரிக்கிற பலகாரம். இதுல ஒரு கொடுமை என்னன்னா, பக்கத்து வீட்டுக்குச் சும்மா எட்டிப் பார்த்தாலும் சாப்பிடாம வெளிய விட மாட்டாங்க. மூணாம் நாள் பேண்ட் பட்டன் போட முடியல :-)

இதைத்தான் ஹோம்ஸ்டேன்னு விக்கணுமாம். ஹெத்தெ கை வைக்கறதுக்கு என்ன ரேட் போடுவீங்க? ஜி.எஸ்.டி. தனியா? மலைக்கு வர்ற வண்டி தாங்காமத்தான் ஹைகோர்ட் உத்தரவுல 2024 மே மாசம் இ-பாஸே வந்துச்சு. இதுல ஹட்டிக்குள்ளயும் பார்க்கிங் போடணுமா?

பி.காம். படிக்கிற நாம கேட்டிருக்க வேண்டிய கேள்வியே வேற. நண்பன் வீட்ல வருமானம் தேயிலைதான். ராகி, சாமை, அப்புறம் உருளைக்கிழங்குன்னு விளைஞ்ச நிலம் இப்ப கண்ணுக்கு எட்டின வரைக்கும் டீ. ஒரு கிலோ தூளுக்கு நாலு கிலோவுக்கு மேல பச்சை இலை வேணும். அந்த இலையைக் கொண்டு போய் ஃபேக்டரில போடற அன்னைக்கு அதுக்கு என்ன விலைன்னு விவசாயிக்குத் தெரியாது! ஏலத்துல தூள் என்ன விலை போச்சுன்னு கணக்குப் பார்த்து அப்புறமாத்தான் சொல்வாங்க. சரக்கைக் குடுத்துட்டு விலைக்குக் காத்திருக்கிற வியாபாரத்தை எந்த அக்கவுண்டன்சி புத்தகத்துல படிச்சோம்? சோவியத் யூனியன் உடைஞ்சு அந்த மார்க்கெட் போனதுலேர்ந்து இவங்க வாங்கின அடி இன்னும் ஆறல. 2023 செப்டம்பர்ல படகர் சங்கங்கள் உண்ணாவிரதம் இருந்து கிலோவுக்கு 33 ரூபா 50 காசு கேட்டாங்க. அப்ப கைக்கு வந்துக்கிட்டிருந்தது அதுல பாதி கூட இருக்குமோ என்னவோங்கற நிலைமை. நம்ம கேன்டீன்ல ஒருத்தனாவது அதைப் பத்திப் பேசினானா? பேசும்போது கைல என்ன இருந்துச்சு? டீ கிளாஸ்!

ஆக, ஹோம்ஸ்டே ஐடியா குடுத்த நண்பா, அவங்க அப்பாவுக்கு ரூம் வாடகை வேண்டாம், இலைக்கு விலை வேணும். உனக்கு அந்தக் களி சாப்பிடணும்னா பேக்கேஜ் தேடாத. கடைசி பெஞ்சுலதான் உட்கார்ந்திருக்கான். ஒரு வருஷமா அவன்கிட்ட நீ ஒரு வார்த்தை பேசினதில்ல. போய்ப் பேசு, அவனே கூட்டிட்டுப் போவான்.