கிலோமீட்டரைப் பார்க்காதீங்க, கோட்டை எண்ணுங்க

ஹயர் ஓடலாம்னு பழைய எலக்ட்ரிக் கார் ஒன்றைப் பார்க்க எங்க தோட்டத்து அண்ணன் ஒருத்தர் யட்டியாந்தோட்டை டவுனுக்கு என்னையும் கூட்டிட்டுப் போனார். நிசான் லீஃப். விற்கிறவர் முதல்ல காட்டினது மீட்டரைத்தான். "ஓட்டம் குறைவு தம்பி." நான் சார்ஜ் காட்டுற இடத்துக்குப் பக்கத்தில இருந்த சின்னக் கோடுகளை எண்ணினேன். 12 இருக்க வேண்டியது, 8தான் இருந்திச்சு.

லீஃபில் பேட்டரி எவ்வளவு தேய்ஞ்சிருக்குன்னு சொல்றது அந்தக் கோடுகள். "ஒரு கோடுதானே போச்சு"ன்னு நினைக்கக் கூடாது. முதல் கோடு மறையும்போதே கிட்டத்தட்ட 15 வீதம் போயிருக்கும். 8 கோடு என்றால் மூன்றில் ஒரு பங்கு இல்லை. 24 யூனிட் பேட்டரியில மிச்சம் 16தான். இங்கிருந்து கித்துல்கல, கினிகத்தேனை வழியா ஹட்டன் ஏறணும்னா, ஒன்றரை டன் காரை 1,200 மீட்டர் உயரத்துக்குத் தூக்கவே 5 யூனிட் வேணும். ரோட்டில ஓடுற செலவு வேற. இறங்கும்போது கொஞ்சம் திரும்பக் கிடைக்கும்தான், ஆனா ஏறி முடிச்சாத்தானே இறங்குறது!

லித்தியம் பேட்டரி ஓட்டத்தால மட்டும் தேயிறதில்ல. வருசம் போகப் போகவும், வெயிலிலயும் தேயும். பழைய லீஃப் பேட்டரியைக் குளிர்விக்கத் தண்ணி ஓட்டம் கிடையாது. 2012லேயே அமெரிக்காவின் அரிசோனா வெயிலில கோடுகள் சீக்கிரம் மறையுதுன்னு சொந்தக்காரங்க சண்டை போட்டாங்க. வரி குறைவா இருந்த 2015 வாக்கில, ஜப்பானில் ஓடின லீஃப் கார்கள் இங்க நிறைய வந்திறங்கிச்சு. 2020 இறக்குமதித் தடைக்குப் பிறகு பழைய வாகனங்களின் விலை ஏறிச்சு. கொழும்பில கைமாறிக் கைமாறி, தேய்ஞ்ச பிறகு நம்ம பக்கம் வருது. வாங்குறவர் லீசிங் கட்டுற தோட்டத்துப் பிள்ளை.

பெட்ரோல் வண்டிக்கு வருசா வருசம் புகைச் சான்றிதழ் கேட்கிற நாடு, எலக்ட்ரிக் கார் கைமாறும்போது பேட்டரிச் சான்றிதழ் கேட்கணும். ஐரோப்பாவில 2027 பெப்ரவரியில இருந்து புது கார் பேட்டரிக்குப் பாஸ்போர்ட்டே கட்டாயம். இங்க 2025ல இறக்குமதி திறந்து புது எலக்ட்ரிக் கார்கள் வருது. பத்து வருசத்தில அதுவும் இந்த ரோட்டுக்குத்தான் வரும்.

அதுவரைக்கும், கோட்டை மட்டும் நம்பாதீங்க, அதையும் ரீசெட் பண்ணிக் காட்டுறவங்க இருக்காங்க. ஃபுல் சார்ஜோட கினிகத்தேனை வரை ஒருக்கா ஏத்திப் பாருங்க.

அண்ணன் காரை எடுக்கல. விற்கிறவருக்குக் கோபம்கூட வரல. "பரவாயில்ல தம்பி, பின்னேரம் இன்னொருத்தர் வாறார்" என்றார்.