பக்கத்தில் உட்கார ஓர் ஆள்

எங்கள் வீட்டில் நன்றாகப் படித்தது நான் அல்ல, என் அக்கா. எஸ்.டி.பி.எம். தேர்வில் அவருடைய சராசரிப் புள்ளி 3.83. இரண்டு ஆண்டு கழித்து நான் எடுத்தது 3.67. ஆனால் மலாயாப் பல்கலைக்கழகத்தில் பட்டம் வாங்கியது நான். அக்கா கிள்ளானில் ஒரு தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தார். 'அவளுக்கு நேரம் சரியில்லை' என்று அப்பா இன்றைக்கும் சொல்வார். நேரத்தின்மேல் பழியைப் போட்டுவிட்டு நாங்களும் பல ஆண்டுகள் சும்மா இருந்துவிட்டோம். அக்கா தோற்றது தேர்வில் அல்ல, விண்ணப்பத்தில்.

அப்பா செம்பனைத் தோட்டத்தில் குலை அறுத்தவர். அம்மா ஆறாம் ஆண்டோடு நின்றவர். 'டாக்டருக்கு எழுது' என்று லயத்தில் எல்லாரும் சொன்னார்கள். அக்காவும் தெரிவுக் கட்டங்கள் அத்தனையிலும் மருத்துவத்தையே நிரப்பினார். மருந்தகவியல், உயிர்வேதியியல், சத்துணவியல் என்று வேறு துறைகள் இருப்பதையோ, தெரிவுகளின் வரிசைக்கு ஒரு பொருள் உண்டு என்பதையோ எடுத்துச் சொல்ல ஆளில்லை. 'தேர்வு பெறவில்லை' என்று பதில் வந்தது. மேல்முறையீடு செய்யலாம் என்பதும் எங்களுக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் செய்திருப்போமா என்பது சந்தேகம்தான். தோட்டத்து ஆபீசில் ஒரு தடவை 'முடியாது' என்று சொல்லிவிட்டால், தலையை ஆட்டிவிட்டுத் திரும்பி வந்து பழகியவர்கள் நாங்கள். அரசாங்கத்தின் பதில் எங்கள் வீட்டில் தீர்ப்பு.

நான் ஆறாம் படிவத்தில் சேர்ந்த புதிதில், பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த ஓர் அண்ணன் எங்கள் கோயில் திருவிழாவுக்கு வந்திருந்தார். அவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, 'புறப்பாடத்துல என்ன செய்யற?' ஒன்றும் செய்யவில்லை என்றேன். பள்ளி வேன் இரண்டு மணிக்குக் கிளம்பிவிடும். அதை விட்டால் தோட்டத்துக்கு வேறு வண்டி கிடையாது. அவர் ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போட்டுக் காட்டினார். தகுதிப் புள்ளியில் 90 விழுக்காடு கல்விக்கு, 10 விழுக்காடு புறப்பாட நடவடிக்கைகளுக்கு.

அந்தக் கணக்கை எங்கள் வீட்டு எண்களை வைத்துப் பின்னொரு நாள் நானே போட்டுப் பார்த்தேன். 3.83-ஐ நான்கால் வகுத்து 90-ஆல் பெருக்கினால் 86.2. அக்காவின் புறப்பாடப் புள்ளி 4. மொத்தம் 90.2. என்னுடைய 3.67-க்கு 82.6, புறப்பாடத்தில் 9. மொத்தம் 91.6. நன்றாகப் படித்தவரை நான் முந்திவிட்டேன்! வாரத்தில் ஒரு நாள் வேனை விட்டுவிட்டு நண்பன் வீட்டில் தங்கினேன். தமிழ்க் கழகத்தில் செயலாளராகவும் பூப்பந்துக் குழுவிலும் இருந்தேன். அவ்வளவுதான் வேறுபாடு. (அக்காவுக்கு இது தெரிந்திருந்தாலும், ஒரு பெண்ணை அப்படி வெளியில் தங்க விட்டிருப்பார்களா என்பது தனிக் கதை.)

விண்ணப்ப நேரம் வந்தபோது அந்த அண்ணன் மறுபடியும் வந்தார். பட்டணத்தில் ஓர் இணைய மையத்தில் இரண்டு மணி நேரம் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். ஒவ்வொரு துறைக்கும் உள்ள சிறப்புத் தகுதிகளைப் படிக்க வைத்தார். ஆசைப்பட்டது மேலே, கிடைக்கக்கூடியது நடுவில், நிச்சயமானது கீழே என்று வரிசைப்படுத்தச் சொன்னார். நேர்முகத் தேர்வு உள்ள துறை என்றால் அழைப்பை நாள்தோறும் பார், போகாவிட்டால் பெயர் போய்விடும் என்றார். தைரியமூட்டும் வார்த்தை ஒன்றுகூட அவர் பேசியதாக எனக்கு நினைவில்லை.

நண்பர்களே, நம் கழகங்களின் மீது எனக்குள்ள மனக்குறை இங்கேதான் தொடங்குகிறது. ஆண்டுதோறும் தன்முனைப்பு முகாம் நடத்துகிறோம். 'உன்னால் முடியும்' என்று மாணவர்களைக் கைதட்டவும் அழவும் வைக்கிறோம். முகாம் முடிந்து வீட்டுக்குப் போகும் பிள்ளைக்குப் படிவத்தின் அடுத்த பக்கத்தில் என்ன எழுதுவது என்று தெரியாது. பெற்றோர் பட்டதாரிகளாக இருக்கும் வீட்டில் இதெல்லாம் சாப்பாட்டு மேசையில் பேசி முடிந்துவிடும் விஷயம். முதல் தலைமுறைப் பிள்ளைக்கு அந்த மேசை இல்லை. ஊக்கம் அவர்களிடம் ஏற்கெனவே நிறைய இருக்கிறது. எங்கள் அக்காவிடம் அது இல்லை என்று யாராவது சொன்னால் நான் சண்டைக்கு வருவேன்.

இடஒதுக்கீட்டைப் பற்றிப் பேசாமல் இதைப் பேசலாமா என்று சிலர் கேட்பீர்கள். பேசத்தான் வேண்டும். மெட்ரிகுலேஷனில் 90-க்குப் 10 என்ற கணக்கு நம் பிள்ளைகளை எவ்வளவு காலம் காக்க வைத்தது என்பது நமக்குத் தெரியும். 2024இல், எஸ்.பி.எம். தேர்வில் 10 ஏ-வும் அதற்கு மேலும் பெற்றவர்களுக்கு இன வேறுபாடின்றி மெட்ரிகுலேஷன் இடம் உண்டு என்று அரசாங்கம் அறிவித்தது நல்ல மாற்றம்தான். ஆனால் ஆறு ஏ, ஏழு ஏ எடுத்துவிட்டுத் தோட்டத்திலும் அடுக்குமாடி வீடுகளிலும் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு அதனால் ஒன்றும் ஆகப்போவதில்லை. ஒதுக்கீட்டைக் குறை சொல்லும் நேரத்தில் நாம் இழக்கும் இடங்களில் சில, யாரும் பறிக்காமல் நாமே விட்டவை. அக்காவின் இடம் அப்படிப்பட்டது.

மலாயாப் பல்கலைக்கழகம் 1949இல் சிங்கப்பூரில் தொடங்கப்பட்டது. அங்கே தமிழுக்கு ஓர் இடம் வேண்டும் என்று 1950களில் கோ. சாரங்கபாணி 'தமிழ் எங்கள் உயிர்' என்ற பெயரில் நிதி திரட்டினார். 1956இல் இந்திய இயல் துறை அமைந்தது. கூலி வேலை செய்த சாதாரண மக்களும் அந்த நிதிக்குத் தங்களால் இயன்றதைக் கொடுத்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் அந்த வளாகத்துக்குள் ஒரு நாளும் காலெடுத்து வைத்திருக்கமாட்டார்கள். நான் அந்த நூலகத்தில் குளிர்சாதன வசதியோடு உட்கார்ந்து படித்திருக்கிறேன். அதனால் கேட்கிறேன்: இந்த ஆண்டு ஒரு முகாமைக் குறைத்துக்கொள்ளலாமா?

அந்தச் செலவில் நான்கு சனிக்கிழமைகள் போதும். ஒரு தோட்டப்புறக் கோயில் மண்டபம், மூன்று மேசைகள், ஒரு மாணவருக்கு ஒருவர். தேர்வு முடிவுக்குப் பிறகு தெரிவுகளை மாற்றிக்கொள்ளத் தரப்படும் நாள்களில் ஒரு முறை, மேல்முறையீட்டுக் காலத்தில் இன்னொரு முறை. நான்காம், ஐந்தாம் படிவப் பிள்ளைகளுக்கும் ஆறாம் படிவத்தில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கும் புறப்பாடக் கணக்கைச் சொல்ல மற்ற இரண்டு நாள்கள். பெற்றோரையும் உட்கார வையுங்கள். கேள்வி கேட்கக் கூச்சப்படுவார்கள், நாமே தொடங்க வேண்டும். அக்காவிடம் சொன்னேன். விடுப்பு எடுத்துக்கொண்டு வருகிறேன் என்றார். மடிக்கணினி உள்ளவர்கள் கொண்டு வாருங்கள். எங்கள் பக்கத்து மண்டபத்தில் இணையம் சரியாக எடுக்காது, கைப்பேசியில் தரவு போதுமான அளவு இருக்கட்டும்.