சுமைகூலியைச் சேர்க்காத கணக்கு

சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பது நம் பாட்டிமார் காலத்துப் பழமொழி. பாட்டிமார் போய்விட்டார்கள். பழமொழியைப் பரீட்சையில் எழுதி மார்க்கு வாங்கிக்கொண்டு நாமும் மறந்துவிட்டோம். இல்லாவிட்டால், வெளியூர் போகிற நடுத்தரக் குடும்பஸ்தன் இன்று அறை தேடுகிற லட்சணத்தை எப்படி விளங்கிக்கொள்வது? கைப்பேசியை எடுக்கிறான். வாடகை குறைந்தது முதலில் வரட்டும் என்று ஒரு தட்டுத் தட்டுகிறான். ‘விமான நிலையத்துக்கு அருகில்’ என்று ஓர் அறை வந்து நிற்கிறது. ஊருக்குள் இருக்கும் அறையைவிட வெகு மலிவு. உடனே அவன் முகத்தில் சாம்ராஜ்யத்தை ஜெயித்துவிட்ட களை!

அருகில் என்றால் எதற்கு அருகில்? ஊரைப் பார்க்க வந்தவன் ஊருக்கு அருகில் தங்குவானா, ஊரை விட்டுப் புறப்படுகிற வாசலுக்கு அருகில் தங்குவானா? இந்தச் சின்னக் கேள்வியை அவன் தன்னையே கேட்டுக்கொள்வதில்லை. நானும் கேட்டுக்கொள்ளவில்லை. ஆகையால் பிறரைத் திட்டுவதற்கு முன்னால் என்னையே கூண்டில் ஏற்றிவிடுகிறேன்.

என் தாயாரையும் மனைவியையும் அழைத்துக்கொண்டு டில்லிக்குப் போயிருந்தேன். நாலு நாள் தங்குவதாக உத்தேசம். கரோல் பாகில் மூவருக்கான அறை நாளுக்கு 3,000 ரூபாய். விமான நிலையத்தை ஒட்டிய மஹிபால்பூரில் 1,800. அந்தப் பக்கம் போனவர்களுக்குத் தெரியும்: நெடுஞ்சாலை ஓரத்தில் தோளோடு தோள் உரசிக்கொண்டு நிற்கும் விடுதிகள், ஜன்னலைத் திறந்தால் அடுத்த விடுதியின் சுவர். நாளுக்கு 1,200 வீதம் நாலு நாளுக்கு 4,800 ரூபாய் மிச்சம் என்று வீட்டில் பிரகடனம் செய்தேன். ஆட்சேபணை இல்லை. நம் வீடுகளில் ஆண்பிள்ளை போட்ட கணக்குக்கு எப்போது ஆட்சேபணை இருந்திருக்கிறது?

டில்லியில் மெட்ரோ இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. 2011-லேயே விமான நிலையத்துக்கென்று தனிப் பாதை போட்டுவிட்டார்கள். புது டில்லி ரயில் நிலையத்திலிருந்து இருபது நிமிஷத்தில் வந்துவிடலாம். ஏரோசிட்டி நிலையம் என் விடுதியிலிருந்து வரைபடத்தில் விரற்கடைத் தூரம்தான். ஆனால் வரைபடத்தில் விரற்கடையாக இருப்பது தரையில் குருகிராம் போகும் நெடுஞ்சாலையாக இருந்தது. எழுபத்து நாலு வயது முழங்காலை வைத்துக்கொண்டு அதைக் கடக்க முடியாது. ஆகவே தினமும் வாடகைக் கார். போக 550, வர 550. இரண்டாம் நாள் செங்கோட்டை வெயிலில் அம்மா சோர்ந்துபோனாள். ஊருக்குள் அறை இருந்திருந்தால் ஒரு மணி நேரம் படுத்து எழுந்திருப்பாள். இங்கே அவளைக் கொண்டுவிட்டுத் திரும்ப இன்னொரு 1,100. ஆகக் கார்ச் செலவு மட்டும் 5,500 ரூபாய்.

நியாயமாகவே பேசுவோம். கரோல் பாகில் தங்கியிருந்தாலும் மெட்ரோவுக்கும், விமான நிலையம் போய்வரவும் ஒரு 1,200 ஆகியிருக்கும். அதையும் கழித்துவிட்டால் கடைசியில் எனக்கு 500 ரூபாய் லாபம்தான்! பார்த்தீர்களா, நான் தோற்கவில்லை. ஊர் திரும்பிய பிறகு இரண்டு வாரம் இதை நண்பர்களிடம் சொல்லிக்கொண்டுகூடத் திரிந்தேன்.

ஆனால் அந்த 500 ரூபாயை யார் சம்பாதித்துக் கொடுத்தார்கள்? நாளொன்றுக்கு இரண்டரை மணி நேரம் சாலையில் போயிற்று. நாலு நாளில் பத்து மணி. மூன்று பேருக்கு ஏறக்குறைய முப்பது மணி. மணிக்குப் பதினேழு ரூபாய் விகிதத்தில் என் குடும்பத்தின் பொழுதை நான் விற்றிருக்கிறேன். அதுவும் என் பங்கு சொற்பம். நான் முன் ஸீட்டில் உட்கார்ந்து டிரைவரோடு அரசியல் பேசிக்கொண்டு வந்தேன். பின்னால் காலை நீட்ட வழியில்லாமல் முழங்காலைத் தடவிக்கொண்டு வந்தவள் அம்மா. மூன்றாம் நாள் காலையில், “நீங்க ரெண்டு பேரும் போய்ட்டு வாங்க. நான் இங்கேயே இருக்கேன்ப்பா” என்றாள். தலைக்கு மேல் விமானம் போகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு, எதிர்ச் சுவரைப் பார்த்தபடி, பாரதத் தலைநகரில் அவள் ஒரு நாளைக் கழித்தாள்.

அம்மா டில்லியில் கேட்டது ஒன்றே ஒன்று. காந்தி கடைசியாக நடந்த இடத்தைப் பார்க்க வேண்டும். 1948 ஜனவரி 30 மாலை, பிர்லா மாளிகைத் தோட்டத்தில் பிரார்த்தனைக்கு நடந்துபோகையில் அவர் சுடப்பட்டார். இன்று அது நினைவகம். அவர் வைத்த கடைசி அடிகளைப் பாத வடிவங்களாகச் செய்து பதித்திருக்கிறார்கள். அம்மாவின் தகப்பனார் கதர் கட்டியவர். அந்தச் செய்தி வந்த ராத்திரி வீட்டில் அடுப்பு மூட்டவில்லை என்று கேட்டு வளர்ந்தவள் அவள். நாலாம் நாள் வலி தணிந்து அவள் எழுந்திருக்கப் பிற்பகலாகிவிட்டது. மூன்றே முக்காலுக்குப் புறப்பட்டோம். தௌலா குவானில் கார்கள் நகரவில்லை. ஐந்து மணிக்குச் சாத்துகிற வாசலுக்கு ஐந்தே காலுக்குப் போய்ச் சேர்ந்தோம். “பரவாயில்லைப்பா, வாசலையாவது பார்த்தாச்சு” என்றாள். மறுநாள் விடிகாலையில் விமானம்.

‘எல்லாருக்கும் உம்மைப்போல் வசதி உண்டா?’ என்று ஒரு குரல் எழும். இல்லாதவனைப் பற்றி நான் பேசவில்லை ஐயா. அவன் ரயில் நிலையப் பிளாட்பாரத்தில் துண்டை விரித்தால் அதைக் குறைசொல்ல எனக்கு யோக்கியதை கிடையாது. மூன்று பேருக்கு விமான டிக்கெட் வாங்கத் தெரிந்தவனுக்கு, அறை வாடகையில் மட்டும் எங்கிருந்து வந்தது இந்த வறுமை? இது வறுமையல்ல, சிக்கனமுமல்ல. தனக்கு வலிக்காத இடத்தில் மிச்சம் பிடிக்கிற சாமர்த்தியம்.

விமான நிலையத்து அறையே பாவம் என்று நான் சொல்லவில்லை. நள்ளிரவில் இறங்கி விடியலில் வேறு விமானம் ஏறுகிறவனுக்கு அதுதான் சரி. வாசலில் ரயில் இருந்தாலும் சரிதான். நம் சென்னையையே பாருங்கள். மீனம்பாக்கத்துக்கு எதிரே ஜி.எஸ்.டி. சாலையைத் தாண்டினால் திரிசூலம் ஸ்டேஷன். மின்சார ரயில் மாம்பலம், எழும்பூர் என்று ஊரின் வயிற்றுக்குள் கொண்டுபோய் விடுகிறது. 2016 முதல் விமான நிலையத்துக்கு மெட்ரோவும் வந்துவிட்டது. பல்லாவரத்தில் மலிவாக அறை எடுத்து ரயிலில் போய்வருகிறவன் நிஜமாகவே கெட்டிக்காரன். ஆனால் நம்மவர் என்ன செய்கிறார்? மலிவு அறையை எடுத்துக்கொண்டு, மின்சார ரயிலில் போவது கௌரவக் குறைவு என்று காரைக் கூப்பிடுகிறார். சுண்டைக்காயும் வேண்டும், பல்லக்கும் வேண்டும்!

ஆகவே அடுத்த முறை அறை தேடும்போது வாடகையோடு வழிச்செலவைக் கூட்டுங்கள். வழிச்செலவோடு வழியில் போகிற மணிகளைக் கூட்டுங்கள். அந்த மணிகளை யாருடைய உடம்பு சுமக்கப்போகிறது என்பதையும் கூட்டுங்கள். கூட்டத் தெரியாவிட்டால் கைப்பேசியை உங்கள் தாயார் கையில் கொடுத்துவிடுங்கள். நான் மிச்சம் பிடித்த 500 ரூபாயை என்ன செய்தேன் என்று யோசித்துப் பார்க்கிறேன்; எனக்கு ஞாபகமில்லை.