பாரிஸ் மேடையில் பறையர் மகள்

2022 அக்டோபரில் பாரிஸ் நகரின் ஓபெரா கோமிக் அரங்கிலிருந்து ‘லக்மே’ என்ற இசைநாடகத்தின் புதிய மேடையாக்கத்தை ஆர்தே தொலைக்காட்சி தன் இணையதளத்தில் நேரலையாக ஒளிபரப்பியது. புதுச்சேரியில் பிரெஞ்சு படித்த தோழர் ஒருவர் பிற்பாடு அதன் பதிவை எனக்குப் போட்டுக் காட்டினார். எனக்குப் பிரெஞ்சும் தெரியாது, ஓபெராவும் தெரியாது. பாதியில் எழுந்து போய்விடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். இரண்டாம் அங்கத்தில் கதாநாயகி பாடத் தொடங்கியதும் ஒரு சொல் காதில் விழுந்தது: ‘பரியா’. தோழரைத் திரும்பிப் பார்த்தேன். “ஆமா, நம்மளத்தான்” என்றார்.

லெயோ தெலீப் இசையமைத்த ‘லக்மே’ 1883 ஏப்ரலில் இதே ஓபெரா கோமிக்கில்தான் முதன்முதலாக அரங்கேறியது. கதை ஆங்கிலேயர் ஆண்ட இந்தியாவில் நடக்கிறது. நீலகண்டன் பார்ப்பனப் பூசாரி. அவன் மகள் லக்மே. வேலி தாண்டி வந்த ஜெரால்டு என்ற ஆங்கிலேய அதிகாரிக்கும் அவளுக்கும் காதல். தன் புனித இடத்தில் கால் வைத்தவனைக் கொன்றே தீருவேன் என்று தகப்பன் கிளம்புகிறான். வந்தவன் யாரென்று அவனுக்குத் தெரியாது. ஆகவே மகளைச் சந்தைக்கு இழுத்துவந்து கூட்டத்தின் நடுவே பாட வைக்கிறான். குரலைக் கேட்டுக் காதலன் வெளிப்படுவான், கத்தியை இறக்கலாம் என்பது திட்டம். திட்டம் பலித்து ஜெரால்டு குத்துப்படுகிறான். அவனைக் காட்டில் வைத்துக் காப்பாற்றும் லக்மே, கடைசியில் ஊமத்தை இலையைத் தின்று சாகிறாள். நம் ஊரில் இதற்கு ஆணவக்கொலை என்று பெயர். பாரிஸில் இதைக் காதல் காவியம் என்கிறார்கள்.

தூண்டில் புழுவாக அவள் பாடும் அந்தப் பாட்டுதான் ‘மணிப் பாட்டு’ என்று உலகம் முழுக்கப் புகழ்பெற்றது. உச்சக் குரலில் பாடும் பாடகிகள் தங்கள் திறமையைக் காட்டத் தேர்ந்தெடுக்கும் பாட்டு. அதன் கதை இதுதான். ஒரு பறையர் மகள் நிலவொளியில் காட்டில் ஓடித் திரிகிறாள். வழி தவறிய ஒருவனை விலங்குகள் சூழ்ந்திருக்கின்றன. அவள் தன் கோலில் கட்டிய மணியை ஆட்டி அவற்றை அடக்கி அவனைக் காப்பாற்றுகிறாள். தன்னைக் காத்தவள் பறையர் மகள் என்று தெரிந்தால் அவன் வெட்கப்படுவான். ஆனால் அவனோ விஷ்ணு. அவளை வானுலகத்துக்குத் தூக்கிச் செல்கிறான். விஷ்ணுவைப் பிரம்மாவின் மகனாக்கி எழுதியிருக்கிறார்கள். பாகவதர்கள் கேட்டால் சண்டைக்கு வருவார்கள். நம் சண்டை அதுவல்ல.

நம் சண்டை அந்த மணியைப் பற்றியது. ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தியாவுக்கு வந்த சீனப் பயணி பாகியான், சண்டாளர்கள் ஊருக்கு வெளியே வாழ்ந்ததையும், நகருக்குள் நுழையும்போது மரக்கட்டையைத் தட்டி ஓசையெழுப்ப வேண்டியிருந்ததையும் எழுதி வைத்திருக்கிறார். ஓசை கேட்டால் மற்றவர்கள் ஒதுங்கிக்கொள்ளலாம், தீட்டுப் படாது. ஒதுக்கப்பட்டவர் கையில் ஓசை எழுப்பும் பொருளைத் திணித்தது சாதி. பாரிஸ் மேடையில் அதே மக்களின் கையில் இருக்கும் மணி, மிருகத்தை மயக்கும் மந்திரக்கோலாகிவிட்டது. கேட்கச் சுகமாகத்தான் இருக்கிறது.

‘பரியா’ என்ற சொல்லின் பயணத்தையும் சொல்ல வேண்டும். பதினாறாம் நூற்றாண்டில் போர்த்துகீசியர் வழியே பறையர் என்ற நம் பெயர் ஐரோப்பா போனது. 1791இல் பெர்னார்தென் தெ சேன் பியேர் ஒரு பறையரை நல்ல மனிதராக்கிக் கதை எழுதினார். 1821இல் ‘பரியா’ என்ற பெயரிலேயே பாரிஸில் நாடகம் போட்டார்கள். பிறகு அது ஒதுக்கப்பட்ட எவருக்கும், எந்த நாட்டுக்கும் பொதுவான வசைச்சொல்லாகிவிட்டது. இன்றும் ஆங்கில ஏடுகள் கூசாமல் எழுதுகின்றன. உயிரோடிருக்கும் ஒரு மக்களின் பெயர் அது என்பது எழுதுகிறவருக்கும் படிக்கிறவருக்கும் நினைவில்லை.

இந்தப் புதிய மேடையாக்கத்தின் இயக்குநர் லொரான் பெல்லி. லக்மேயாகப் பாடியவர் சபீன் தெவியேல். இதற்கு முன் ‘லக்மே’ என்றாலே கோபுரம், நகைநட்டு, ஐரோப்பியர் முகத்தில் அப்பிய பழுப்புச் சாயம் என்று இருந்தது. பெல்லி அதையெல்லாம் தூக்கிப்போட்டுவிட்டு, வெள்ளைத் துணியும் காகிதமுமாக ஓர் உலகத்தை அமைத்திருக்கிறார். கீழை நாடுகளை வேடிக்கைப் பொருளாக்கும் பழக்கத்திலிருந்து விலகியதற்காக அவரைப் பாராட்ட வேண்டும். தெவியேலின் குரலைக் கேட்டு நானும் அசந்துபோனேன் என்பதை மறைக்க மாட்டேன்.

ஆனால் இந்தியாவின் ஒப்பனையைக் கழுவியபோது சாதியும் சேர்ந்து வெள்ளையாகிவிட்டது. காகித உலகத்தில் நீலகண்டன் யார்? அந்நியன் நசுக்கிய மதத்தைக் காக்கும் தகப்பன், அவ்வளவுதான். ஆங்கிலேயர் அவன் வழிபாட்டைத் தடை செய்தார்கள் என்கிறது கதை. உண்மையில் சென்னை மாகாணத்தில் 1817ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி கோயில் நிர்வாகத்தையே கம்பெனி அரசு மேற்பார்வையிட்டது. மத விவகாரங்களில் தலையிட மாட்டோம் என்று 1858இல் விக்டோரியா ராணியின் பெயரால் உறுதிமொழியும் கொடுத்தார்கள். கோயில் வாசலில் தடுக்கப்பட்டவர்கள் நாம். தடுக்கப்பட்டவனின் வேடத்தை ‘லக்மே’ பூசாரிக்குக் கட்டியிருக்கிறது. நம்மைப் பாட்டுக்குள் தேவதையாக்கி வைத்திருக்கிறது.

இந்தத் தந்திரம் பிரெஞ்சுக்காரர்கள் கண்டுபிடித்ததல்ல. ‘லக்மே’ அரங்கேறுவதற்கு ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன், கோபாலகிருஷ்ண பாரதியின் ‘நந்தனார் சரித்திரம்’ காரைக்காலில் இருந்த பிரெஞ்சு அதிகாரி ஒருவரின் ஆதரவில் அச்சேறியது. அதுவும் இசைநாடகம்தான். அங்கே நந்தன் தீயில் இறங்கிச் சிவனோடு கலக்கிறான். இங்கே பறையர் மகள் விஷ்ணுவோடு வானத்துக்குப் போகிறாள். இருவருக்கும் மேலுலகத்தில் இடம் கிடைக்கிறது. ஊருக்குள் தெரு கிடைக்கவில்லை, கிணறு கிடைக்கவில்லை, நிலம் கிடைக்கவில்லை. மண்ணில் கொடுக்க மறுத்ததை விண்ணில் கொடுத்ததாகப் பாடுவதை யார் பாடினாலும் நாம் ஏற்க முடியாது.

‘லக்மே’யைத் தடை செய் என்று நான் கேட்கவில்லை. பாட்டை வெட்டச் சொல்லவும் இல்லை. வெட்டினால் நாம் இருந்த தடயமும் போய்விடும். மேடையேற்றுகிறவர்களிடமும் ஒளிபரப்புகிறவர்களிடமும் கேட்பது சிறியது. நிகழ்ச்சிக் கையேட்டில், ஒளிபரப்புக்கு முன்னால் வரும் அறிமுகத்தில், அந்தச் சொல் யாருடைய பெயர் என்று ஒரு வரி சொல்லுங்கள். பழுப்புச் சாயம் பூசுவது அவமானம் என்று உணர்ந்தவர்களால் இதையும் உணர முடியும்.

நம் தோழர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். ஓபெரா மேட்டுக்குடிக்கானது, நமக்கென்ன என்று நானும்தான் நினைத்திருந்தேன். நூற்று நாற்பது ஆண்டுகளாக நம் பெயரை வைத்து அங்கே பாடிக்கொண்டிருக்கிறார்கள். கேட்கவும் கேள்வி கேட்கவும் நமக்கு உரிமை இருக்கிறது. பாட்டு முடிந்து பாரிஸ் அரங்கில் கைதட்டல் எழுந்தபோது தோழர் பதிவை நிறுத்திவிட்டு, “இன்னொரு தடவை போடட்டுமா?” என்றார். போடச் சொன்னேன். இந்த முறை அந்தச் சொல் எங்கே வருகிறது என்று தெரிந்தே கேட்டேன்.