பிரேக் மேல் ஒரு கால்

பொங்கல் லீவு முடிந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் செங்கல்பட்டிலிருந்து தாம்பரம் வந்தவர்களுக்கு ஜி.எஸ்.டி. ரோட்டைப் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பரனூர் டோல்கேட்டுக்கு முன்னாலேயே வண்டிகள் தேங்கிவிடும். ஊருக்குப் போன சென்னை மொத்தமும் ஒரே ரோட்டில் திரும்பிக்கொண்டிருக்கும். பத்தடி நகரும், நிற்கும். மறுபடி பத்தடி. பதினாறு வருடம் கியர் வண்டியில்தான் அந்த ரோட்டில் வந்திருக்கிறேன். கிளட்சை மிதித்து மிதித்து, வீடு வந்து இறங்கும்போது இடது முழங்காலை மடக்க முடியாது. மாடிப்படியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டுதான் ஏறுவேன்.

போன வருடம் வண்டியை மாற்றினோம். ஆட்டோமேட்டிக். அதோடு, முன்னால் போகும் வண்டியைப் பார்த்து தானே வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் குரூஸ் கன்ட்ரோலும் இருந்தது. முன்வண்டி நின்றால் இதுவும் நிற்கும், நகர்ந்தால் இதுவும் நகரும். இந்தப் பொங்கலுக்கு அம்மாவை அழைத்துக்கொண்டு திரும்பும்போது மறைமலைநகர் பக்கம் முதல்முறையாக அதை நெரிசலில் போட்டுப் பார்த்தேன். பின் சீட்டிலிருந்து அம்மா எட்டிப் பார்த்தாள்.

“ஏன்டி, காலை எடுத்துட்டு உட்கார்ந்திருக்கே?”

“வண்டியே ஓட்டிக்குதும்மா.”

“அதுக்குக் கண்ணு எங்க இருக்கு?”

நல்ல கேள்வி. முன்பக்கம் கிரில்லை ஒட்டி ஒரு ராடார் இருக்கிறது. அது அனுப்பும் ரேடியோ அலை முன்வண்டியில் பட்டுத் திரும்பி வரும். தூரம் எவ்வளவு, அந்த வண்டி நெருங்குகிறதா விலகுகிறதா என்று அதை வைத்துக் கணக்குப் போடும். உள்ளே இருக்கும் கண்ணாடிக்குப் பின்னால், விண்ட்ஷீல்டை ஒட்டி ஒரு கேமரா. அது லேன் கோட்டையும் வண்டியின் உருவத்தையும் பார்க்கும். அவ்வளவுதான். அம்மாவுக்கு இதையெல்லாம் சொல்லவில்லை. கூடுவாஞ்சேரி வரைக்கும் என் முழங்கால் வலிக்கவில்லை என்று மட்டும் சொன்னேன். அது நிஜம்.

குரூஸ் கன்ட்ரோலைக் கண்டுபிடித்தவருக்குப் பார்வை கிடையாது. ரால்ஃப் டீட்டர், அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்துக்காரர், சிறு வயதிலேயே கண்ணை இழந்தவர், எஞ்சினியர். அவரை ஏற்றிக்கொண்டு போன வக்கீல் ஒருவர் பேசும்போது வேகத்தைக் குறைப்பாராம், கேட்கும்போது கூட்டுவாராம். அந்தக் குலுக்கல் தாங்காமல்தான் டீட்டர் இந்த வேலையில் இறங்கினார் என்று சொல்வார்கள். 1950இல் காப்புரிமை கிடைத்தது, 1958 மாடல் கிரைஸ்லர் கார்களில் வந்தது. அது ஒரே வேகத்தைப் பிடித்து வைத்ததே தவிர முன்னால் யார் போகிறார்கள் என்று அதற்குத் தெரியாது. ராடார் பிறகுதான் வந்தது. அதுவும் ஆரம்பத்தில் வேகம் குறைந்தால் கைவிட்டுவிடும். 2005இல் வந்த மெர்சிடிஸ் எஸ் கிளாஸ், முன்வண்டிக்குப் பின்னால் முழுசாக நிற்கிற வரை தானே பிரேக் போட்டது. நம் ஊரில் 2020க்குப் பிறகு நடுத்தரக் குடும்பங்கள் வாங்கும் கார்களிலும் இது பரவலாக வர ஆரம்பித்தது.

காரணமே இல்லாமல் நெரிசல் எப்படி உருவாகிறது என்று பார்க்க ஜப்பானில் ஒரு பரிசோதனை செய்தார்கள். சுகியாமா என்ற பேராசிரியரும் சகாக்களும் 230 மீட்டர் வட்டப் பாதையில் 22 கார்களை விட்டு, எல்லாரும் 30 கிலோமீட்டர் வேகத்தில் சீராகப் போங்கள் என்றார்கள். சிக்னல் இல்லை, டோல்கேட் இல்லை, குறுக்கே ஒரு மாடுகூட இல்லை. கொஞ்ச நேரத்திலேயே யாரோ ஒருவர் லேசாகப் பிரேக் மிதிக்க, பின்னால் இருப்பவர் இன்னும் கொஞ்சம் அழுத்த, கடைசியில் சில கார்கள் அப்படியே நின்றுவிட்டன. அந்த நெரிசல் வட்டத்தில் ஒரு அலையாகப் பின்னோக்கி நகர்ந்தது. அது 2008இல் வெளியானது. ஊரப்பாக்கத்தில் காரணமே இல்லாமல் நின்று, காரணமே இல்லாமல் கிளம்பும்போதெல்லாம் எனக்கு அந்த 22 கார்கள்தான் ஞாபகம் வரும்.

இந்த அலையை அடக்க ஒரு வழி இடைவெளி. முன்னால் கொஞ்சம் இடம் விட்டு, மெதுவாக, நிற்காமல் போகிற ஒரு வண்டி தனக்குப் பின்னால் வருகிற அத்தனை பேரின் பிரேக்கையும் மிச்சப்படுத்துகிறது. 2022 நவம்பரில் அமெரிக்காவின் நாஷ்வில் நகரில், ஆராய்ச்சியாளர்கள் தங்கள் மென்பொருளைப் போட்ட 100 கார்களை நிஜமான காலை நெரிசலில் ஓட்டிப் பார்த்தார்கள், இதற்காகவே. ஆனால் கடையில் விற்கிற கார்களின் குரூஸ் அப்படி இல்லை. ஏழு மாடல்களைச் சோதித்தபோது, முன்வண்டியின் சின்ன வேக மாற்றம் இந்தக் கார்கள் வரிசையாகப் பின்தொடரும்போது பின்னால் போகப் போகப் பெரிசாகிறது என்றுதான் தெரிந்தது. அதனால் என் கால் வலி போவதும் ரோட்டின் நெரிசல் குறைவதும் ஒன்றல்ல.

ஜி.எஸ்.டி. ரோட்டில் இடைவெளி என்றால் அழைப்பு. ஸ்டியரிங் பட்டனில் இடைவெளியை ஆகக் குறைவாக வைத்தாலும், என் வண்டி ஒரு ஆட்டோ தாராளமாக நுழையும் இடத்தை விட்டுத்தான் நிற்கிறது. நுழையவும் நுழைகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். வீட்டுக்குப் போகிற அவசரம் எல்லாருக்கும் உண்டு. ஆனால் டூவீலர் குறுக்கே வருவதை இந்த வண்டி தாமதமாகத்தான் பார்க்கிறது. அது பாதி உடம்பு என் லேனிலும் பாதி வெளியிலுமாக வரும்வரை, இவன் நம் ஆளா இல்லையா என்று முடிவு செய்யாது. முடிவு செய்ததும் படக்கென்று பிரேக் அடிக்கும். வண்டலூருக்கு முன்னால் அப்படி மூன்று முறை அடித்தது. மூன்றாவது முறை பின்னால் வந்த ஷேர் ஆட்டோ என் பம்பரை ஒட்டி நின்றது. டிரைவர் பக்கத்தில் வந்து தலையை நீட்டி, “அக்கா, எதுக்குக்கா சும்மா சும்மா பிரேக் அடிக்கிறீங்க?” என்றார். நான் அடிக்கவில்லை என்று சொன்னால் அவருக்கு என்ன புரியும்? வண்டி என்னுடையது, பிரேக் விளக்கும் என்னுடையது. மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

நான் இதை எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் அதுவும் இல்லை. அதற்கும் முன்னால், கூடுவாஞ்சேரி பஸ் ஸ்டாப்பில் நடந்தது.

எல்லா வண்டிகளும் நின்றன. கையில் எவர்சில்வர் தூக்கோடு ஒரு பெண், இன்னொரு கையில் ஒரு குழந்தையின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, எனக்கும் முன்வண்டிக்கும் நடுவே இறங்கினாள். குழந்தை பானெட் உயரத்துக்குக்கூட இல்லை. ரெட்டைச் சடையில் கட்டியிருந்த மஞ்சள் ரிப்பனின் நுனி மட்டும் தெரிந்தது. அந்த நேரம் பார்த்து முன்வண்டி நகர்ந்தது. நின்று மூன்று வினாடிக்குள் முன்வண்டி கிளம்பினால் என் வண்டியும் கேட்காமல் கிளம்பும். அதற்கு மேல் ஆனால்தான் ஆக்ஸிலரேட்டரைத் தொட வேண்டும். எஞ்சின் சத்தம் லேசாக ஏறியது. சீட் என் முதுகை மெல்லத் தள்ளியது. பிரேக்கை மிதித்தேன். அந்தப் பெண் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. ரிப்பன் இடமிருந்து வலமாகப் போய் மறைந்தது.

ஆள் குறுக்கே வந்தால் தானே நிற்கும் வசதியும் இந்தக் காரில் இருக்கிறது. அன்றைக்கு அது நிறுத்தியிருக்கலாம். ஒரு குழந்தையை நிறுத்தி வைத்து அதைச் சோதித்துப் பார்க்கும் உரிமை எனக்குக் கிடையாது. இந்த வகை வசதியில் ஓட்டுவதன் பொறுப்பு முழுக்க டிரைவருடையது. ஆட்கள் நடமாடும் ரோட்டில், அடிக்கடி நின்று கிளம்பும் நெரிசலில் கவனம் என்று வண்டியோடு தந்த புத்தகத்தில் தெளிவாக அச்சடித்திருக்கிறார்கள். வீட்டுக்கு வந்து அன்று ராத்திரிதான் அதைப் படித்தேன்.

வண்டி எடுத்த அன்று ஷோரூமில் மாலை போட்டார்கள், கேக் வெட்டினோம், பெரிய அட்டைச் சாவியோடு போட்டோ எடுத்தார்கள். போனை எப்படி இணைப்பது, சன்ரூஃபை எப்படித் திறப்பது என்று அரை மணி நேரம் சொல்லிக்கொடுத்தார்கள். தானே கிளம்பும் வண்டியைப் பற்றி, “நெடுஞ்சாலையில ரொம்ப வசதியா இருக்கும் மேடம்” என்ற ஒரு வரியோடு முடித்துவிட்டார்கள். அந்த அரை மணியில் பாதியை ரோட்டில் இறங்கிச் சொல்லிக்கொடுக்கச் செலவழித்திருக்க வேண்டும். லைசென்ஸ் தேர்வில் எட்டுப் போடச் சொல்கிறோம். கால் எடுத்த பிறகும் கண்ணை எடுக்காமல் உட்காருவது எட்டுப் போடுவதைவிடக் கஷ்டம். கால் களைத்தால் வலித்துச் சொல்லும், கண் களைத்தால் சொல்லாது.

இப்போதும் அதைப் பயன்படுத்துகிறேன். பரனூர் தாண்டி, நடுவில் தடுப்புச் சுவர் இருந்து, ஆட்கள் குறுக்கே வராத இடத்தில் மட்டும். பஸ் ஸ்டாப்போ மார்க்கெட்டோ தெரிந்தால் கட்டை விரலால் அணைத்துவிடுகிறேன். போட்டிருக்கும் நேரத்திலும் வலது கால் பிரேக்குக்கு மேலேயே இருக்கும்.

நாத்தனார் போன வாரம் இதே மாதிரி ஒரு வண்டி எடுத்திருக்கிறாள். வருகிற சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு வண்டலூர் – வாலாஜாபாத் ரோட்டுக்கு அவளை வரச் சொல்லியிருக்கிறேன். குரூஸ் பட்டன் எங்கே இருக்கிறது என்பதைக் கடைசியில்தான் காட்டப் போகிறேன். முதலில், நின்ற வண்டி கிளம்பும் முன் பானெட்டுக்கு முன்னால் எத்தனை அடி தன் கண்ணுக்குத் தெரியவில்லை என்று அவள் இறங்கி நடந்து அளந்து பார்க்க வேண்டும்.