விலைச்சீட்டு சொல்லாத மூன்றாவது வரிசை

டெல் நிறுவனம் 2025 ஜனவரியில் தன் மடிக்கணினிகளின் பழைய பெயர்களைத் தூக்கி எறிந்தது. இன்ஸ்பிரன், லட்டிடியூட், எக்ஸ்பிஎஸ் எல்லாம் போயின. டெல், டெல் ப்ரோ, டெல் ப்ரோ மெக்ஸ் என்று மூன்று வந்தன. அவற்றுக்குள் பிளஸ், பிரீமியம் என்று படிகள் வைத்தார்கள். ஒரே வருடம்தான். 2026 ஜனவரியில் லாஸ் வேகாஸ் கண்காட்சி மேடையில் எக்ஸ்பிஎஸ் திரும்பி வந்துவிட்டது. வாங்குபவர் எதை நம்பிக் கடைக்குப் போகிறாரோ, அந்தப் பெயரையே இவர்கள் இவ்வளவு இலேசாகக் கையாளுகிறார்கள்.

இது அமெரிக்காவின் விளம்பரப் பிரச்சினை என்று விட்டுவிட முடியாது. கொழும்பு வெள்ளவத்தை இராமகிருஷ்ண வீதியில் இருக்கும் ஐஐடி நிறுவனத்திலோ மாலபேயிலோ கணினிப் பட்டப்படிப்புக்குச் சேரும் பிள்ளைக்காக ஒரு தகப்பன் பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசாவின் படிகளில் ஏறும்போது, அவர் கையிலிருப்பது பல மாதச் சேமிப்பு, இல்லாவிட்டால் கடன் அட்டையின் தவணை. கொட்டாஞ்சேனையில் ஒரே வருமானத்தில் ஓடும் வீட்டுக்கு இது இன்னும் பெரிய தொகை. கடையில் அவரிடம் கேட்கப்படும் கேள்வி ஒன்றுதான்: "ஐ5 வேணுமா, ஐ7 வேணுமா?"

அந்தக் கேள்வியே தவறு. 2022இல் வந்த மூன்று டெல் கணினிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். குறைந்த விலையில் இன்ஸ்பிரன் 15 3520. அலுவலகங்களுக்கென்று செய்யப்பட்ட லட்டிடியூட் 5430. விலையுயர்ந்த அழகு வரிசையில் எக்ஸ்பிஎஸ் 13 9315. முதல் இரண்டிலும் ஒரே ஐ5-1235யூ சிப் கிடைத்தது. எக்ஸ்பிஎஸ்ஸிலும் அதே இன்டெல் 12ஆம் தலைமுறைதான், மின்சாரத்தைக் குறைவாக எடுக்கும் வகை. மூளை ஒரே குடும்பம். அப்படியானால் விலை எங்கே பிரிகிறது?

உடம்பில் பிரிகிறது. திரையின் ஒளிர்வை நிட்ஸ் என்ற அலகில் அளப்பார்கள். எக்ஸ்பிஎஸ்ஸின் திரை 500 நிட்ஸ் ஒளிர்வது. இன்ஸ்பிரனின் திரை 250 நிட்ஸ். பகல் வெளிச்சம் புகும் அறையில் 250 நிட்ஸ் திரையில் நிரல் எழுதும் பிள்ளை கண்ணைச் சுருக்கிக்கொண்டே படிக்கும். உலோக உடலும் மெல்லிய விளிம்பும் எக்ஸ்பிஎஸ்ஸுக்கு. இன்ஸ்பிரனுக்குப் பிளாஸ்டிக் உடல்.

ஆனால் திறந்து பார்த்தால் கணக்குத் தலைகீழாகிறது. எக்ஸ்பிஎஸ்ஸின் ரேம் மதர்போர்ட்டிலேயே பற்றவைக்கப்பட்டது. 8 ஜிபியோடு வாங்கினால் சாகும்வரை 8 ஜிபி. ஹெட்போன் குத்துவதற்கு ஒரு துளைகூட அதில் இல்லை. இரண்டு யூஎஸ்பி-சி வாய்கள் மட்டும். விலை குறைந்த இன்ஸ்பிரனில் ரேமுக்கு இரண்டு ஸ்லொட்கள் உண்டு. இரண்டு வரிசைகளின் நல்ல பக்கமும் சேர்ந்திருப்பது மூன்றாவதில், லட்டிடியூட்டில். அதிலும் இரண்டு ரேம் ஸ்லொட்கள். தண்ணீர் சிந்தினாலும் தாக்குப்பிடிக்கும் விசைப்பலகை. அமெரிக்க இராணுவத் தரச் சோதனையைக் கடந்த உடல். அடிப்படைத் திரை 250 நிட்ஸ்தான் என்றாலும் 400 நிட்ஸ் திரையைத் தெரிவு செய்யலாம். கடல் காற்று வீட்டுக்குள்ளேயே வந்து போகும் வெள்ளவத்தையில், பஸ்ஸிலும் ரயிலிலும் பையோடு இடிபட்டுப் போகும் ஒரு மாணவனுக்கு இதைவிடப் பொருத்தமான இயந்திரம் எது?

டெல் மட்டுமல்ல. லெனோவோவில் ஐடியாபேட் வீட்டுக்கு, திங்க்பேட் அலுவலகத்துக்கு. ஐபிஎம் 1992இல் தொடங்கி 2005இல் லெனோவோவிடம் கைமாறிய அந்தத் திங்க்பேட்டின் டி14 கணினிக்கு, 2024இல் ஐபிக்சிட் குழு பழுதுபார்க்கும் எளிமைக்காகப் பத்துக்கு ஒன்பது கொடுத்தது. எச்பியில் பவிலியனுக்கும் எலைட்புக்குக்கும் இடையே இருந்ததும் அதே பிரிவினைதான். கம்பனிகளுக்கு உழைக்கும் கணினியை எப்படிச் செய்வதென்று நன்றாகத் தெரியும். அதை வங்கிகளுக்கும் கூட்டுத்தாபனங்களுக்கும் மொத்தமாக விற்கிறார்கள். நம் பிள்ளைகளுக்கு எஞ்சுவது, விளம்பரத்தில் மினுங்கும் மற்ற வரிசைகள்.

ரேம் ஸ்லொட்டைப் பற்றி இவ்வளவு பேசுவதற்கு இந்த வருடம் தனிக் காரணம் உண்டு. செயற்கை நுண்ணறிவுத் தரவு மையங்கள் உலகின் நினைவகச் சிப்களை விழுங்கிக்கொண்டிருக்கின்றன. சாதாரண வாடிக்கையாளருக்குப் பல வருடங்களாக ரேம் விற்ற குரூஷியல் வணிகத்தையே மூடுவதாக மைக்ரோன் 2025 டிசம்பரில் அறிவித்தது. ரேம் விலை ஏறும்போது உற்பத்தியாளர் முதலில் கைவைப்பது மலிவுக் கணினியின் ரேமில்தான். ஸ்லொட் உள்ள கணினியை இன்று 8 ஜிபியோடு வாங்கி, விலை இறங்கும்போது 16 ஆக்கலாம். பற்றவைத்ததை வாங்கினால் அந்தக் கதவு முதல் நாளே மூடப்பட்டுவிட்டது.

"வாடிக்கையாளர் கேட்பதைத்தான் விற்கிறோம்" என்பார்கள் விற்பனையாளர்கள். வாடிக்கையாளருக்குத் தெரியாததை அவர் எப்படிக் கேட்பார்? "அலுவலகக் கணினி பாரம், அழகில்லை" என்பவர்களுக்குப் பதில் சொல்லத் தேவையில்லை. நான்கு வருடப் படிப்பை அழகு தாங்காது.

இனி அரசாங்கத்திடம் வருவோம். 2024 ஜனவரி 1ஆம் திகதி வரை கணினிகளுக்கு வற் வரி விலக்கு இருந்தது. அன்று அது நீக்கப்பட்டு 18 சதவீதம் விழுந்தது. வரிக்கு முன் இரண்டு இலட்சம் ரூபா பெறும் கணினிக்கு 36,000 ரூபா, ஐந்து இலட்சத்துக்கு 90,000 ரூபா. சர்வதேச நாணய நிதியத்தின் நிபந்தனை என்று திறைசேரி சொல்லும். வருமானம் தேட வேண்டும் என்று நிதியம் சொன்னதென்றால், எதிலிருந்து தேடுவது என்ற தெரிவு கொழும்பினுடையது. இரண்டு வருடத்தில் குப்பைக்குப் போகும் கணினிக்கும் எட்டு வருடம் ஓடும் கணினிக்கும் ஒரே வீத வரி விதிப்பது, டொலர் இல்லாமல் 2022இல் மண்டியிட்ட ஒரு நாடு செய்யக்கூடிய காரியமா? பழுதாகி எறியப்படும் ஒவ்வொரு கணினிக்கும் பதிலாக இன்னொன்றை டொலர் கொடுத்தே இறக்க வேண்டும்.

பாவித்த கணினிச் சந்தையையும் எவரும் கவனிப்பதில்லை. அலுவலகங்கள் கழித்துவிடும் லட்டிடியூட்டுகளும் திங்க்பேட்டுகளும்தான் ஏழை மாணவனின் நல்வாய்ப்பு. ஆனால் விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 ஒக்டோபர் 14இல் முடிந்துவிட்டது. ஐ5க்குப் பின்னால் வரும் இலக்கம் 8250யூ, 8350யூ போல எட்டில் தொடங்கினால் விண்டோஸ் 11 ஏறும். 7200யூ, 7300யூ போல ஏழில் தொடங்கினால் ஏறாது. வெளியே பார்த்தால் இரண்டும் ஒரே பெட்டி. இதைச் சொல்லி விற்க வேண்டும் என்று கடைக்காரரை யாராவது கட்டாயப்படுத்தியிருக்கிறார்களா?

பிரான்ஸ் 2021 ஜனவரி 1 முதல் மடிக்கணினிகளின் விலைக்குப் பக்கத்திலேயே பழுதுபார்க்கும் எளிமையைப் பத்துக்கு இவ்வளவு என்று காட்ட வைத்திருக்கிறது. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் நம் நுகர்வோர் விவகார அதிகாரசபைக்கு இதைச் செய்ய ஒரு வர்த்தமானி அறிவித்தல் போதும். ரேம் ஸ்லொட்டில் இருக்கிறதா, பற்றவைக்கப்பட்டதா. பற்றரியைத் தனியாக மாற்றலாமா. திரை எத்தனை நிட்ஸ். விண்டோஸ் 11 ஏறுமா. இந்த நான்கு வரிகள் ஒவ்வொரு விலைச்சீட்டிலும் இருக்கட்டும். ரேம், பற்றரி, விசைப்பலகை போன்ற உதிரிப்பாகங்களுக்கும் திறந்து திருத்தக்கூடிய கணினிகளுக்கும் வற் வரியை நீக்கட்டும். பற்றவைத்த அழகுப் பெட்டிகளுக்கு 18 சதவீதம் அப்படியே நிற்கட்டும்.

2030க்குள் 1,500 கோடி டொலர் டிஜிட்டல் பொருளாதாரம் என்பது இந்த அரசாங்கத்தின் இலக்கு. அதை எட்டப்போகிறவர்கள் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் இன்று கணினி வாங்கக் காசு சேர்க்கும் பிள்ளைகள்தான். அவர்கள் வாங்கும் இயந்திரம் பட்டம் பெறும்வரை உழைக்க வகை செய்யாத எந்த அரசாங்கத்துக்கும் அந்த இலக்கு கைகூடாது.