விழாப் படத்தில் இல்லாதவர்



கல்லூரிப் படிப்பை முடித்து இருபது, முப்பது ஆண்டுகளைக் கடந்தோர் நம் குடும்பங்களில் பலர் உளர். 1844-இல் நாகப்பட்டினத்தில் தோன்றி 1883-இல் திருச்சிராப்பள்ளிக்கு வந்த தூய வளனார் கல்லூரி, 1923-இல் எழுந்த பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரி, 1925-இல் எழுந்த சென்னை இலயோலா கல்லூரி என, தாம் பயின்ற இடத்தின் பெயரைச் சொல்லும்போதே அவர்தம் முகம் மலர்வதைக் கண்டிருக்கிறோம். முன்னாள் மாணவர் விழாக்களுக்கு அவர்கள் ஆவலோடு செல்வதும் நன்றே. ஆயினும் இத்திங்கள் நாம் பேச விழைவது, ஒரு விழாவுக்கும் மறு விழாவுக்கும் இடைப்பட்ட காலத்தைப் பற்றியே.

சில ஆண்டுகளுக்கு முன், நம் பங்கின் ஆசிரியர் ஒருவர் தம் வகுப்பின் வெள்ளி விழாவுக்குச் சென்று வந்து, அங்கு எடுத்த நிழற்படத்தை நம்மிடம் காட்டினார். "மூன்றாண்டு உம்மோடு ஒரே அறையில் இருந்தவர் எங்கே?" என்று கேட்டோம். படத்தை வரிசை வரிசையாகத் தேடியபின், "வந்திருப்பான் என்றே நினைத்துவிட்டேன், சாமி" என்றார். அவர் குரல் தாழ்ந்துவிட்டது.

மறு ஞாயிறே அவர் நண்பரின் ஊருக்குப் புறப்பட்டார். நண்பர் நடத்திய அச்சகம் மூடப்பட்டிருந்தது. அரிசி ஆலையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். "என்னப்பா, விழாவில் உன்னைக் காணோமே?" என்றதற்கு, "எல்லோரும் எழுந்து பதவியைச் சொல்வீர்கள். நான் எதைச் சொல்ல?" என்றாராம்.

அன்று முதல் நான்கு நண்பர்கள் மூன்று திங்களுக்கு ஒருமுறை கூடுகின்றனர். மேடை இல்லை, மாலை இல்லை. இரண்டாம் முறை அனைவருக்கும் தேநீர் வாங்கித் தந்தவர் அந்த அறைத்தோழரே. அதனை நமக்குச் சொன்னபோது ஆசிரியரின் கண்கள் கலங்கின.

பெருவிழா கல்லூரியைப் போற்றுகிறது. சிறு சந்திப்போ மனிதரைத் தேடுகிறது. அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் 1938-இல் தொடங்கிய ஆய்வு ஒன்று, 268 மாணவர்களின் வாழ்வை முதுமைவரை தொடர்ந்து நோக்கியது. ஐம்பது வயதில் தம் உறவுகளில் நிறைவு கண்டவர்களே எண்பது வயதில் மிகுந்த நலத்தோடு இருந்தனர் என அது கண்டது.

சந்திப்பை நடத்த விரும்புவோர்க்குச் சில சொற்கள். எட்டுப் பேர் போதும். மிகுந்தால் உரையாடல் சொற்பொழிவாகிவிடும். இரண்டாம் ஞாயிறு மாலை என்பதுபோல் நாளை நிலையாக வகுத்துக்கொள்ளுங்கள். அனைவர்க்கும் ஏற்ற நாளைத் தேடினால் எந்நாளும் கிட்டாது. இருவரே வந்தாலும் சந்திப்பு நடக்கட்டும். பேருந்தில் வந்து இருட்டுமுன் வீடு திரும்பத்தக்க இடமாக இருக்கட்டும். வசூல் வேண்டாம். வீட்டில் கூடினால் இல்லத்தரசியை அடுப்படியில் அடைத்துவிடாதீர்கள். சுண்டலும் தேநீரும் போதும். கைப்பேசிக் குழுவில் செய்தி இட்டதோடு கடமை முடிந்ததென எண்ணாதீர்கள். அங்கே நெடுநாள் மௌனமாக இருப்பவரை ஒருவர் நேரில் அழைத்துப் பேசட்டும். வந்தவரிடம் வருமானத்தை வினவாதீர்கள்.

பெண்களைப் பற்றியும் ஒரு சொல். மணமாகி ஊர் மாறுவதால் அவர்களின் முகவரியே முதலில் தொலைகிறது. மனைவி தன் தோழியரைக் காணச் செல்லும் மாலையில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் கணவர், அந்தச் சந்திப்பின் பாதி வேலையைச் செய்தவராவார்.

இன்றிரவு உங்கள் பழைய வகுப்புப் படத்தையும் அண்மை விழாப் படத்தையும் அருகருகே வைத்துப் பாருங்கள். முன்னதில் இருந்து பின்னதில் இல்லாதவர் யார்? அடுத்த விழாவரை காத்திராமல், அவர் வீட்டுக் கதவை முதலில் தட்டுங்கள்.